இவரும் அவரும்

குடும்ப ஆலோசகரின் அறைக்கு வெளியே, கதவை ஒட்டினாற்போல, குடை வைப்பதற்கென்று உயரமான ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கும். புதிதாக எந்தத் தம்பதி வந்தாலும் அவள் தானே எழுந்து வந்து கதவைத் திறப்பாள். சிரித்த முகத்தோடு ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வாள்: "குடையையும் கடவுளையும் வெளியில வெச்சுட்டு வாங்க. போகும்போது மறக்காம எடுத்துக்கலாம்."

பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் சிரிப்பதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த வாக்கியத்தின் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இத்தனை வருஷத்தில் யாரும் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சண்டை போட்டுக் களைத்துப்போய் வருகிறவர்கள் வாசலிலேயே இன்னொரு சண்டையா போடுவார்கள்? அதை அவள் தன் கட்சிக்கு விழுந்த ஓட்டாக எடுத்துக்கொண்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் அப்பா பெரிய பக்திமான். அம்மா எதைக் கேட்டாலும், எதற்கு அழுதாலும், "எல்லாம் அவன் பாத்துப்பான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். அதற்கு மேல் அம்மா யாரிடம் பேசுவாள்? மூடிய கண்ணிடமா? அப்படிப் பேச்சு முட்டி நின்றே அம்மாவின் ஆயுசு கழிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பேசித் தீர்க்கவேண்டியதை மூன்றாவது ஆள் தலையில் கட்டக்கூடாது என்று மகள் முடிவு செய்துகொண்டாள். அப்பாவிடம் காட்ட முடியாத கோபத்துக்குப் பின்னாளில் தொழில்முறை என்று பெயர் வைத்தாள். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது, லிஃப்ட்காரனும் அவன் மனைவியும் வருகிறவரை.

அவர்கள் வந்தது ஒரு மழை நாளில். அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்ததும் முதலில் அவன் பேசியது தன் கல்யாணத்தைப் பற்றி அல்ல. "மேடம், உங்க லிஃப்ட் ரெண்டாவது மாடி தாண்டும்போது ஒரு முக்கு முக்குது. யார்கிட்டயாவது சொல்லி வைங்க" என்றான். மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவள் ஆலோசகரின் கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடை வாளிக்குப் போயிற்று. வழக்கமான வாக்கியம் சொல்லப்பட்டது. இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

அவன்தான் ஆரம்பித்தான். அவர்களுக்கு ஒரே பெண். ஒன்பது வயது. ரத்தத்தில் வந்த நோய். போய் ஒரு வருஷம் ஆகிறது.

"அவ போனதுலேருந்து இவ வேண்டிக்கறதையே விட்டுட்டா, மேடம். முன்னெல்லாம் சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் உக்காருவோம். இப்போ நான் கண்ணை மூடினா போதும், இவ எழுந்து மொட்டை மாடிக்குப் போயிடறா. கடவுள் மேல கோபம்னா சரி. எனக்கும்தான் கோபம் இருக்கு. ஆனா இவ எழுந்து போகும்போது..."

"ஒரு நிமிஷம்" என்று ஆலோசகர் கையை உயர்த்தினாள். "அவரை வெளியில விட்டுட்டுத்தானே வந்தோம்? கடவுளை விடுங்க. உங்களுக்கு எங்க வலிக்குது, அதை மட்டும் சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். பாவம், அதைத்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நீங்க சொல்லுங்க" என்று மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"இவர் ரொம்ப நல்லவர், மேடம். எனக்கு ஒண்ணும் இல்லை."

"இதான், மேடம்" என்றான் அவன். "ஒரு வருஷமா இந்த ஒண்ணும் இல்லையோடதான் குடும்பம் நடத்தறேன். இது சரிப்படலைன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். இவளை வேண்டாம்னு சொல்லலை. தனியாத்தான் இருக்கணும்னா அங்கேயே தனியா இருந்துக்கறேனே."

மனைவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அண்ணன் வீட்டுப் பேச்சை எடுத்தது அவளுக்கே புதிது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. போகாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. மடியில் கிடந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

ஆலோசகர் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினாள். கொஞ்ச நாளைக்குப் பிரார்த்தனை வேண்டாம். அந்தச் சாயங்கால நேரத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசவேண்டும். என்ன வேண்டுமானாலும் பேசலாம். அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். அப்படியே செய்தார்கள். அடுத்த முறை வந்தபோது, எப்படிப் போயிற்று என்று கேட்டதற்கு, "டிவி பாத்தோம்" என்றான் லிஃப்ட்காரன். முன்பு அவன் ஒருவனாவது சாயங்காலத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். இப்போது அதுவும் போயிற்று.

பிறகுதான் ஆலோசகர் மனைவியைத் தனியாக வரச்சொன்னாள்.

தனியாக வந்தால் பேசுவாள் என்று அவள் போட்ட கணக்கு பொய்க்கவில்லை. "இவருக்குச் சளி, மேடம். மாத்திரை போடச் சொன்னா போடமாட்டார்." "இவர் சரியாவே சாப்பிடறதில்லை." புருஷன் ஊரின் வேறொரு மூலையில் யாருடைய லிஃப்ட்டுக்குள்ளோ தலையை நீட்டிக்கொண்டிருந்தான். ஆனாலும் அவளுக்கு அவன் 'இவர்'தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனைச் சொல்வது போலவே சொன்னாள். ஆலோசகர் அதைக் கவனித்தாள். இவ்வளவு ஒட்டுதல் இருக்கிற வீட்டில் எங்கே அறுந்தது என்றுகூட யோசித்தாள்.

பேச்சு சட்டென்று நின்றது. "மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க கண்ணாடியைக் கொடுங்களேன். வந்ததுலேருந்து கண்ணை உறுத்துது."

ஆலோசகர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எதிரில் இருப்பது மனிதரா மரமா என்றுகூடத் தெரியாது. மனைவி கண்ணாடியின் காதுக் கம்பியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெல்ல மெல்ல வளைத்தாள். கைக்கு வேலை கிடைத்ததும் வாய் திறந்துகொண்டது.

"ஆஸ்பத்திரியில நான்தான் கூட இருந்தேன். இவருக்கு ஊசியைப் பாத்தாலே ஆகாது. கீழ பிரார்த்தனை அறையிலயேதான் இருப்பார். கடைசி நாள் காலையில குழந்தைக்குத் தண்ணிகூட இறங்கலை. எங்க தொட்டாலும் வலிக்குதுன்னா. நெத்தியைத் தடவப் போனேன். என் கையைத் தள்ளி விட்டுட்டா. என் கையை, மேடம்." கம்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "அப்போதான் அவர்கிட்ட கேட்டேன். போதும், விட்டுடச் சொல்லி. சாயங்காலத்துக்குள்ள கேட்டுட்டார்."

ஆலோசகர் நாற்காலியில் நிமிர்ந்தாள். முடிச்சு இதோ. எத்தனை பெற்றோரைப் பார்த்திருக்கிறாள்! சிகிச்சை போதும் என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். பிறகு ஆயுசுக்கும் அந்த முடிவை நடுவில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள்.

"அதுக்கப்புறம் அவர்கிட்ட இதைப் பத்திப் பேசினீங்களா?"

"ஒரு வார்த்தை பேசினதில்லை."

"அவர் மேல கோபமா?"

"கோபம் இல்லை, மேடம். பயம்."

"பயமா?"

"எதையும் கேக்கறதுக்கே பயம்." கண்ணாடியைத் துணியால் துடைத்து நீட்டினாள். "போட்டுப் பாருங்க. இப்போ நேரா இருக்கும்."

நேராகத்தான் இருந்தது. எதிரே இருந்த முகமும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அதற்குள் அந்த முகம் பழையபடி ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டிருந்தது.

அடுத்த முறை இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். ஆலோசகர் நன்றாகத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். தனியாகச் சொன்னதைப் பொதுவில் வைக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இது புருஷனுக்கும் தெரிந்த விஷயம்தானே, அவனும் சேர்ந்து எடுத்த முடிவுதானே என்று நினைத்தாள். அவள் கண்டுபிடித்தது எல்லாப் பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியது. அப்படிப் பொருந்திவிட்டால் யார்தான் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறார்கள்?

"சிகிச்சை போதும்னு சொல்றது எந்த அப்பா அம்மாவுக்கும் சாதாரண விஷயம் இல்லை" என்று ஆரம்பித்தாள், குரலை இதமாக வைத்துக்கொண்டு. "அந்த முடிவை ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்தீங்க. குழந்தை மேல இருந்த பாசத்துல எடுத்தீங்க. ஆனா அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே இல்லை."

லிஃப்ட்காரன் புருவத்தைச் சுருக்கினான். "எந்த முடிவு, மேடம்?"

"சிகிச்சையை நிறுத்தினது..."

"நாங்க எதையும் நிறுத்தலையே. கடைசி நிமிஷம் வரைக்கும் மருந்து ஏறிக்கிட்டுத்தானே இருந்துச்சு?" மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆலோசகரின் நாக்கு நிற்கவில்லை. "நீங்கதானேம்மா சொன்னீங்க? போதும், விட்டுடச் சொல்லி அவர்கிட்ட கேட்டேன், அவரும் கேட்டுட்டார்னு..."

"எங்கிட்ட இவ எதையும் கேக்கலையே" என்றான் அவன்.

"நான் இவர்கிட்ட கேக்கலை, மேடம்" என்றாள் மனைவி. அவள் பார்வை கதவின் பக்கம் போயிற்று. கடவுளை வெளியில்தானே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். "அவர்கிட்ட கேட்டேன்."

ஆலோசகருக்குப் புரிந்தது. அந்தத் தனிச் சந்திப்பு முழுக்க மனைவி தன் புருஷனை 'இவர்' என்றுதான் சொன்னாள், ஒரு தடவைகூட மாறவில்லை. 'அவர்' என்று வந்த இடம் ஒன்றே ஒன்று. கேட்டது எவரிடம் என்று ஒரு சின்னக் கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவில்லை. அந்த அறைக்குள் இன்னொரு 'அவர்' வரக்கூடாது என்று அவளே கட்டளை போட்டு வைத்திருந்தாளே, எப்படித் தோன்றும்?

லிஃப்ட்காரனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "என்னன்னு கேட்ட?"

"எடுத்துக்கோன்னு."

"எப்போ?"

"அன்னைக்குக் காலையில."

"நான் கீழ உக்காந்து பிழைக்க வைன்னு கேட்டுக்கிட்டு இருந்தப்போவா?"

அவள் தலையை ஆட்டினாள்.

அவன் எழுந்தான். நாற்காலியைக்கூடச் சத்தமில்லாமல் தள்ளி வைத்துவிட்டுப் போனான். லிஃப்ட்டுக்காக நிற்கவில்லை. படிகளில் அவன் காலடி இறங்கிக்கொண்டே போவது கீழ்த்தளம்வரை கேட்டது. அவனுடைய குடை வாளியிலேயே நின்றது.

"நான் சொல்லியிருக்கவே கூடாது" என்றாள் மனைவி. யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. குற்றம் சொல்லியிருந்தால் ஆலோசகருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அவர்கள் வரவில்லை. ஆலோசகர் அன்றாடம் மற்றவர்களைப் பார்த்தாள். மாமியார் சண்டை, பேசாத மகன், சந்தேகப் புருஷன். புதிதாக வந்தவர்களிடம் அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றுகொண்டது. "வாங்க" என்பதோடு விட்டுவிட்டாள். அப்பாவின் ஞாபகம் அடிக்கடி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த மனிதர் என்னதான் கேட்டுக்கொண்டிருந்தார்? அம்மாவும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது.

ஒரு நாள் மனம் கேட்காமல் கண்ணாடிக்கடைக்காரியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வீட்டில் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தாள்.

"அவர் இங்க இல்லை, மேடம்" என்றாள் மனைவி. "அண்ணன் வீட்டுல இருக்கார்."

இந்த முறை எந்த 'அவர்' என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு எழுத்து. அதில் ஒரு வீடு காலியாகியிருந்தது. ஆலோசகர் தொலைபேசியை வைத்துவிட்டு முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதாள். யாரும் சமாதானம் சொல்லாத அழுகை. அவள் வேலையே அடுத்தவருக்குச் சமாதானம் சொல்வது.

பிறகு லிஃப்ட்காரனைக் கூப்பிட்டாள். "தப்பு என் மேல. ஒரே ஒரு தடவை ரெண்டு பேரும் வாங்க. இந்தத் தடவை எதையும் வெளியில வைக்கவேண்டாம்."

"குடை அங்கதானே இருக்கு? எடுக்க வரணும்" என்றான் அவன்.

வந்தான். முகத்தில் பல நாள் தாடி. மனைவி முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அவன் அவளுக்குப் பக்கத்து நாற்காலியைத் தாண்டி அதற்கடுத்ததில் உட்கார்ந்தான்.

ஆலோசகர் சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு வேண்டிக்கத் தெரியாது. நம்பிக்கையும் கிடையாது. வராத நம்பிக்கையை வந்ததா நடிக்கவும் மாட்டேன். ஆனா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அவர் இருக்கார். அவரை வெளியில நிக்க வெச்சுட்டு உங்க குடும்பத்தைப் பத்திப் பேசினேன். அதுக்கு மன்னிச்சிடுங்க. இன்னைக்கு என்ன பேசணுமோ பேசுங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

நெடுநேரம் லிஃப்ட்காரன் தன் உள்ளங்கையிலிருந்த கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆலோசகரைப் பார்த்துத்தான் பேசினான், மனைவியைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான், மேடம். நான் எவ்வளவு கேட்டேன்! சோறு தண்ணி இல்லாம உக்காந்து கேட்டேன். இவ ஒரே ஒரு தடவைதான் கேட்டா. நான் சொன்னதை விட்டுட்டு இவ சொன்னதை ஏன் கேட்டார்? இவ மேல கொலைவெறியே வந்துச்சு. அவர் மேலயும்தான்." நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "நேத்து ஒரு பழைய கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஒரு அம்மாவும் குழந்தையும். குழந்தை வீல்னு அழுவுது. நான் மேல நின்னு கத்தறேன், ஒண்ணும் ஆகாது, பொறுத்துக்குங்க, பொறுத்துக்குங்கன்னு. எப்பவும் சொல்றதுதான். அந்த அம்மா உள்ளேருந்து சொன்னாங்க: 'நீங்க வெளியில நிக்கறீங்க, சொல்லுவீங்க.'"

அவன் கறை படிந்த கையை மூடிக்கொண்டான்.

"கை ஓடலை, மேடம். கூட இருந்தவன்தான் கதவைத் திறந்தான். நான் அங்கேயே உக்காந்துட்டேன். ஆஸ்பத்திரியில நான் கீழ இருந்தேன். அங்க குழந்தை கத்தறது கேக்காது. அந்தத் தைரியத்துலதான் பிழைக்க வை, பிழைக்க வைன்னு கேட்டேன். இவ உள்ள இருந்தா. உள்ள இருக்கறவ சொல்றதைத்தானே அவர் கேப்பார்?"

மனைவி குனிந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை முதலில் தோளில்தான் தெரிந்தது. ஒரு வருஷத்து அழுகை. ஆலோசகர் மேசை மேலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தப் போனாள். சொன்ன சொல் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

லிஃப்ட்காரன் எழுந்து நடு நாற்காலிக்கு வந்தான்.

"நம்ம பொண்ணு அங்க எப்படி இருக்கான்னு அவர்கிட்ட கேக்கணும்னு இருக்கு" என்றான், இப்போது மனைவியிடம். "அண்ணன் வீட்டுல உக்காந்து பாத்தேன். வாய் வரலை. நீ கேளேன்."

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

"இன்னும் கோபமா?"

"கோபம் இல்லைங்க." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் கேட்டா அவர் கேட்டுடுவார். எதைக் கேட்டாலும் கேட்டுடுவார். அந்தப் பயத்துலதான் மாடிக்கு ஓடுவேன். கண்ணை மூடினா, தெரியாம எதையாவது கேட்டுத் தொலைச்சுடுவேனோன்னு. நீங்க நல்லா இருக்கணும்னுகூட இந்த ஒரு வருஷமா நான் கேட்டதில்லை."

லிஃப்ட்காரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்பிக்கை போய்விட்டது என்றுதான் அவனும் நினைத்திருந்தான், ஆலோசகரும் நினைத்திருந்தாள். மனைவிக்கு இருந்த அளவு நம்பிக்கை அந்த அறையில் வேறு யாருக்கும் இல்லை. அதன் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் அவள் தினமும் படியேறியிருக்கிறாள்.

அவள் ஆலோசகரின் பக்கம் திரும்பினாள்.

"இவர் கேக்கட்டும், மேடம்" என்றாள்.

லிஃப்ட்காரன் கண்ணை மூடிக்கொண்டான். "எங்க பொண்ணு..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. வெளியே லிஃப்ட் இரண்டாவது மாடியில் ஒரு முக்கு முக்கிவிட்டு மேலே வந்தது, திரும்பிப் போயிற்று. அவனுக்கு வார்த்தை வரவே இல்லை.

அவள் எழுந்து போகவில்லை.